கவைப்பாறையில் கிடந்த மரம்

பெரியப்பாவின் தோட்டத்துக்குத் தண்ணீர் நின்றுபோன செய்தி எனக்கு ராய்ப்பூருக்கு வெளியே ஒரு பொட்டலில் கிடைத்தது. அப்போது நான் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டியில் வேலையாக இருந்தேன். அம்மா போனில் அதைத் தனிச் செய்தியாகச் சொல்லவில்லை. ரேஷனில் பருப்பு வரவில்லை, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது, சித்திக்குக் கண் ஆபரேஷன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, “நம்ம பள்ளம் வறண்டு போச்சாம்டா. உங்க பெரியப்பன் தோட்டத்துல தென்னை மட்டை தொங்குதாம்” என்றாள். அடுத்த நொடியே நான் சாப்பிட்டேனா என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் வண்டி டிரைவர் திரும்பிப் பார்த்து, “என்னடா, கல்யாணமா?” என்றார். அதற்கு மேல் என்றேன்.

எங்கள் பக்கத்தில் காட்டாற்றைப் பள்ளம் என்றுதான் சொல்வோம். கோயமுத்தூருக்கு மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கிறதே, அதன் அடியில் எங்கள் ஊர். மலையிலிருந்து எத்தனையோ பள்ளங்கள் இறங்குகின்றன. பலவற்றுக்குப் பெயர் கிடையாது. ஒன்றோடு ஒன்று சேர்ந்து கடைசியில் நொய்யலுக்குப் போகின்றன. எங்கள் பள்ளம் அதில் ஒன்று. கீழே இருந்து பார்த்தால், மழைக்காலத்தில் பாறை முகத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அவ்வளவுதான். அந்தக் கோட்டை நம்பிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் வாழை, மஞ்சள், தென்னை எல்லாம் இருந்தன.

பள்ளத்துத் தண்ணீருக்கு முறை உண்டு. இன்றைக்கு இன்னார் வயலுக்கு, நாளைக்கு அடுத்தவர் வயலுக்கு என்று மடை திருப்பிக்கொள்வோம். முறை உள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆடிக்கு முன்னால் ஓர் ஆள் மலை ஏற வேண்டும். மேலே கவைப்பாறை என்று ஓர் இடம். மரக்கிளை கவையாகப் பிரிகிற மாதிரி அந்தப் பாறையில் தண்ணீர் இரண்டாகப் பிரியும். ஒரு கை கிழக்கே எங்களுக்கு. மற்றொரு கை மேற்கே சரிந்து கேரளத்துப் பக்கம் போய்விடும். கிழக்குக் கைக்கு வாய் குறுகல். கொஞ்சம் கல்லும் சருகும் ஒரு கிளையும் அடைத்தால் போதும், மொத்தத் தண்ணீரும் மேற்கே திரும்பிக்கொள்ளும். அதனால் வருடா வருடம் போய் அடைசலை வாரி எறிந்து வாயை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டு அங்கேயே கன்னிமாருக்குத் தேங்காய் உடைத்து, கொண்டுபோன புளிச்சோற்றைத் தின்றுவிட்டு இறங்குவார்கள்.

எங்கள் அப்பாவுக்கு மதுக்கரையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிற வேலை. லீவு கிடைக்காது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். எனவே எங்கள் வீட்டு ஆளாக நான் ஏறினேன். முதல் தடவை அட்டைக்கடியில் கால் முழுக்க ரத்தம். இரண்டாம் தடவை கல் உருண்டு விரல் நகம் போனது. வேலை அப்படித்தான் இருந்தது. ஆனால் நாங்கள் வாயை எடுத்துவிட்டதும் தண்ணீர் ஒரு கணம் தயங்கும். எந்தப் பக்கம் போவது என்று நினைப்பது போல நிற்கும். பிறகு கிழக்கே சரியும். கீழே எங்கோ விழுகிற சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் கேட்கும். அந்தச் சத்தத்துக்காக எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். அதைவிட நல்ல சத்தம் நான் அதற்குப் பிறகு எந்த ஊரிலும் கேட்டதில்லை.

ஒரு வீட்டிலிருந்து மட்டும் ஆள் வராது. தண்ணீரில் முதல் முறை யாருடையதோ அவர்கள் மலை ஏற வேண்டாம், ஏறுகிறவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்தால் போதும் என்பது வழக்கம். முதல் முறை எங்கள் பெரியப்பா வீட்டுக்கு. அப்பாவின் பங்காளி அண்ணன் அவர். ஆக, அவரும் அவருடைய அப்பாவும் தாத்தாவும் கவைப்பாறையைக் கண்ணால் பார்த்ததே இல்லை. சோறு கட்டிக் கொடுப்பார்கள், தேங்காய் பழம் கொடுப்பார்கள், விபூதி வாங்கிக்கொள்வார்கள். நாங்கள் போய்வருவது ஒரு சாமிகாரியம் என்றே அந்த வீட்டில் நினைத்திருந்தார்கள்.

பெரியப்பா தன் தோட்டத்துக்கு மேலே பள்ளம் தேங்குகிற குட்டையில் பெரிய குழாயைப் போட்டு மொத்தத் தண்ணீரையும் இழுத்துக்கொண்ட வருடம், அப்பா போய்க் கேட்டார். நானும் கூட இருந்தேன். பெரியப்பா நாற்காலி போடச் சொன்னார். மோர் வந்தது.

“இதென்ன கண்ணு, உனக்கில்லாத தண்ணியா? தென்னை கொஞ்சம் பிடிச்சுக்கட்டும். பொறவு பாத்துக்கலாம்” என்றார்.

“மொறைன்னு ஒண்ணு இருக்குதுங்களே அண்ணா” என்றார் அப்பா.

“இருக்குது, இருக்குது. யாரு இல்லைன்னா? மோரைக் குடி.”

அப்பா மோரைக் குடித்தார். அதுதான் அவர் குணம். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, “கொழாயைத் தூக்கி எறிஞ்சிருக்கணும்” என்றேன். “ஒறம்பரை சொந்தத்துக்குள்ள அப்படியெல்லாம் பேசக் கூடாது” என்றார்.

தென்னை பிடித்துக்கொண்டது. அப்புறம் காட்டேஜ் வந்தது. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்கிற பிள்ளைகள் சனிக்கிழமை சனிக்கிழமை காரில் வந்து இறங்கினார்கள். அவர்கள் நின்று படம் எடுக்க, எங்கள் பள்ளத்துத் தண்ணீரைச் சிமெண்ட் பாறை மேலே ஏற்றிவிட்டு அருவி என்று போர்டு வைத்தார் பெரியப்பா. கீழே எங்கள் கிணற்றில் தவளை செத்துக் கிடந்தது. ஒவ்வொரு வீடாக நிலத்தை விற்றார்கள். எல்லாம் வீட்டு சைட்டு போட்டு எல்லைக்கல் நட்டாயிற்று. முறை போனது. மலை ஏறுவதும் நின்றது. அப்பா ஒருத்தர் மட்டும், நிலம் விற்ற பிறகும், ஆடிக்கு முன்னால் ஒருநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு மலை ஏறினார். எனக்கு அது புரியவே இல்லை. யாருக்காகப் போறீங்க என்றேன். “தண்ணி வழி தவறிப் போயிரும்டா” என்றார். அவர் எடுத்துவிட்டதால்தான் பெரியப்பாவின் அருவி ஓடியது. அது பெரியப்பாவுக்குத் தெரியாது.

அப்பா ஒரு சித்திரை வெயிலில், காய்ச்சலில் இறந்துபோனார். உடம்பைக் குளிப்பாட்ட வீட்டில் தண்ணீர் இல்லை. ஊர்க் குழாயில் அன்றைக்கு முறை கிடையாது. பெரியப்பா டிராக்டரில் டேங்கரை வைத்து அனுப்பினார். எங்கள் பள்ளத்துத் தண்ணீர். அவரே பின்னால் வந்து இறங்கி, கூட்டத்தைப் பார்த்து, “தண்ணிக்கு ஒண்ணும் விசனப்படாதீங்க, எத்தனை வேணுமோ அனுப்பறேன்” என்றார்.

அம்மா எழுந்து வந்தாள். “அந்தத் தண்ணி அவரு மேல படக் கூடாது” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நானும் சித்தப்பா பையனும் பக்கத்து ஊர் வரைக்கும் போய்க் குடத்தில் கொண்டுவந்தோம். அதுவரை அப்பா வெயிலில் கிடந்தார். பெரியப்பாவுக்குக் கோபம் வரவில்லை. “பாவம், துக்கத்துல பேசறா” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். கொண்டுவந்த தண்ணீரைத் திருப்பி எடுத்துப் போகவும் மனமில்லை. கூட்டம் நிற்க வசதியாகத் தூசி அடங்கட்டும் என்று தெருவில் திறந்துவிடச் சொன்னார். குடத்தோடு நான் திரும்பி வந்தபோது தெருவெல்லாம் சேறு. அந்தச் சேற்றில் நடந்து வந்துதான் அப்பாவைக் குளிப்பாட்டினேன்.

அதற்குப் பிறகு ஊரில் நிற்கப் பிடிக்கவில்லை. அம்மாவை மதுக்கரையில் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் குடிவைத்தேன். திருச்செங்கோட்டுப் போர் வண்டி ஒன்றில் ஏறினேன். ஆந்திரா, ஒடிசா, சத்தீஸ்கர். ராத்திரி பகல் என்று பார்க்காமல் அடுத்தவன் நிலத்தில் தண்ணீர் தேடுகிற பிழைப்பு. காது பாதி போய்விட்டது. எங்கே தண்ணீர் பீய்ச்சி அடித்து ஜனங்கள் குலவை இட்டாலும் எனக்குத் தெருச் சேறுதான் ஞாபகத்துக்கு வரும். அந்த மனுசன் ஒருநாள் தண்ணீருக்குத் தவிக்க வேண்டும், அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எனக்கு வேறு வேண்டுதல் எதுவும் இருந்ததில்லை.

அம்மா போன் செய்த வாரமே கணக்கு முடித்துக்கொண்டு ரயில் ஏறினேன். கோயமுத்தூரில் இறங்கி நேராக ஊருக்குப் பஸ் பிடித்தேன். அடிவாரத்தில் காட்டிலாகா வாட்சர் எனக்குப் பழக்கம். “மலையேற ஊட்டு ஆளு வந்தாச்சு போல” என்று மட்டும் சொல்லிவிட்டு வழிவிட்டார்.

தனியாக ஏறினேன். அடிவாரத்தில் மூங்கில். யானை உடைத்துத் தின்ற குருத்துகள் வழியெல்லாம். பள்ளத்தின் படுகையிலேயே நடந்தேன். முன்பு இடுப்பளவு தண்ணீரில் கயிறு பிடித்துக் கடந்த இடத்தில் உருண்டைக் கற்கள் காய்ந்து, மிதித்தால் சட்டி ஓடு மாதிரி சத்தம் போட்டன. பாறைக்குழிகளில் பச்சையாகக் கொஞ்சம் தேக்கம், அதில் தலைப்பிரட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அதைத் தாண்டிச் சோலைக்குள் நுழைந்ததும் குளிர். அதற்கும் மேலே புல்மேடு, காற்று. புல்லுக்கு அடியில் எங்கே மிதித்தாலும் தண்ணீர் கொப்பளிக்கும். பள்ளம் பிறக்கிற இடம் அதுதான். அங்கே ஒரு குறைச்சலும் இல்லை. மலை எப்போதும் போல ஊறிக்கொண்டுதான் இருந்தது.

கவைப்பாறையில் ஒரு பெரிய நாவல்மரம் வேரோடு சாய்ந்து கிழக்கு வாய்க்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. வருடக்கணக்காக யாரும் வாராத கல்லும் மண்ணும் அதன் மேல் வந்து அணைந்திருந்தன. சிறு செடிகள்கூட முளைத்துவிட்டன. தண்ணீர் மொத்தமும் மேற்கே போனது. நுரைத்துக்கொண்டு, அவசரம் அவசரமாக, யாரோ கூப்பிட்டுப் போகிற மாதிரி போனது. நான் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தேன். கொடுவாளை வைத்துக் கிளைகளைக் கழித்து, அடியில் கம்பி கொடுத்துக் கல்லை நெம்பினால் ஒருநாள் வேலை, இரண்டு நாள் வேலை. அது எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. பக்கத்திலிருந்த சின்னக் கற்களைப் பொறுக்கி, மரத்துக்கடியில் இருந்த சந்துகளில் செருகிவிட்டு இறங்கினேன்.

கீழே ஊரே ஒரு விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தது. பெரியப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் பள்ளம் ஏன் வறண்டது என்று கேட்டிருக்கிறார். நிலம் விற்றவர்கள், அவருடைய காட்டேஜிலேயே பெருக்கித் துடைக்கிறவர்கள், எல்லோருக்கும் காரணம் தெரியும். எல்லோரும் ஒரு காலத்தில் ஏறியவர்கள்.

“மழை பத்தலீங்க.”

“காலம் கெட்டுப்போச்சுங்க.”

“நமக்கென்னங்க தெரியும், நீங்க பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததா?”

ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு மரியாதைக் குறைச்சல் வரவில்லை. ஒருத்தர் வாயிலிருந்தும் விஷயமும் வரவில்லை. டீக்கடையில் ஒரு கிழவர் என்னைப் பார்த்து, “கன்னிமாருக்குக் கெடா வெட்டச் சொல்லியிருக்கறோம்” என்று சொல்லிவிட்டுக் கிளாஸுக்குள் சிரித்தார்.

பெரியப்பா கிடா வெட்டினார். முறை நின்ற பிறகும் பூஜையை மட்டும் அவர் விடாமல் செய்துவந்திருந்தார். பூசாரியைக் கூட்டிப் போய்க் குழாய் போட்ட குட்டையிலேயே வருடா வருடம் தேங்காய் உடைத்தார். எல்லாம் சரியாகச் செய்தும் தண்ணீர் வரவில்லையே என்பதுதான் அவருடைய குழப்பம். அப்புறம் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடங்களில் போர் போட்டார். வண்டி வந்த அன்றைக்கு நான் போய் வேலிக்கு வெளியே நின்றேன்.

“ஏங்கண்ணு, நீ போர் வண்டியிலதானே இருக்கறே? உள்ளே வா. இந்த எடம் எப்படி?” என்றார்.

“தேங்காயே நின்னுருச்சுங்களே பெரியப்பா. அதுக்கு மேல நான் என்னங்க சொல்றது?”

வெள்ளைப் புழுதி எழுந்து தென்னைகளின் மேல் படிந்தது. அடுத்த இடத்திலும் புழுதி. நான் நின்று முழுக்கப் பார்த்தேன். என் தலையிலும் படிந்தது. தட்டிவிடத் தோன்றவில்லை.

கடைசியில் வாட்சர்தான், பேச்சுவாக்கில், மேலே மரம் விழுந்து கிடக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டார். பெரியப்பா உடனே கூலிக்கு ஆள் பிடித்து அனுப்பினார். வாட்சர் விடவில்லை. “ஊட்டுக்கு ஒரு ஆள் போயி வாயை எடுத்து விடறது காலங்காலமா இருக்கறது, நான் கண்டுக்க மாட்டேன். கூலிக்கு ஆள் ஏத்துனா கேஸ் ஆயிருமுங்க” என்றார். பெரியப்பாவின் மகன் சரவணம்பட்டியில் கம்பெனியில் இருக்கிறான். ஒரு சனிக்கிழமை வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு ஏறினான். மூங்கில் காடு முடிகிற இடத்திலேயே காலில் அட்டையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, இந்தத் தொழிலையே விட்டுவிடலாம் என்று பெரியப்பாவுக்குப் புத்தி சொன்னானாம்.

அதற்குப் பிறகுதான் பெரியப்பா மதுக்கரைக்கு வந்தார். லைன் வீட்டு வாசலில் அவருடைய கார் நிற்க இடமில்லாமல் ரோட்டிலேயே நின்றது. அம்மா “வாங்க” என்றாள். நாற்காலி போட்டாள்.

“அம்மணி, பையனை ஒருக்கா மேல அனுப்பு. நம்ம குடும்பத்துத் தண்ணி. மேக்க அக்கட்டால எவனுக்கோ போகுது” என்றார்.

நம்ம குடும்பத்துத் தண்ணி. அம்மா அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டாள். பிறகு, “அவன் வருவானுங்க. ஆனா நீங்களும் கூடப் போகோணும். ஊட்டுக்கு ஒரு ஆள்னுதான பேச்சு” என்றாள்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். “வாரேனுங்க” என்றேன்.

சாரல் பிடிக்கிற நாளில் ஏறினோம். எழுபதைத் தாண்டிய உடம்பு. ஆனால் திடமான உடம்பு. தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். காய்ந்த படுகையில் நடக்கும்போது அடிக்கடி நின்று இரண்டு கரையையும் பார்த்தார். “இத்தனை அகலமா இருந்துதா இது?” என்றார். ஓடும்போது பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்று மனதுக்குள் சொன்னேன். வெளியே, “ஆமாங்க” என்றேன். சோலைக்குள் அவருடைய வேட்டியெல்லாம் அட்டை. அட்டை ஏறாமலிருக்க நான் காலில் புகையிலையை நனைத்துத் தேய்த்திருந்தேன். என்னிடம் மிச்சம் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

கவைப்பாறைக்கு வந்ததும் அவர் தடியை ஊன்றி அப்படியே நின்றுவிட்டார். மேற்கே போகிற தண்ணீரைப் பார்த்தார், கிழக்கே விழுந்து கிடந்த மரத்தைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற அகலம்கூட இல்லை.

“இவ்வளவுதானா?” என்றார்.

“இவ்வளவுதானுங்க.”

“வருசா வருசம் இதைத்தான் எடுத்து விட்டீங்களா?”

“ஆமாங்க.”

“சாமி கும்பிடத்தான் வாரீங்கன்னு நெனச்சேன்.” மரத்தைத் தடியால் தட்டிப் பார்த்தார். பிறகு, “எடுத்து விடு சாமி” என்றார்.

“மொறை வெச்சுப்போடலாமுங்களா பெரியப்பா? பழையபடி.”

“யாருக்குடா மொறை வெப்பே? எல்லாம் சைட்டாப் போச்சு. தண்ணி வந்தா எல்லைக்கல்லுக்கா பாய்ச்சுவே?”

அவர் சொன்னது உண்மைதான். முறையைத் திருப்பி வைக்க வயலும் இல்லை, வீடும் இல்லை. நியாயம் செய்கிற காலம் தாண்டிப் போயிருந்தது. அது எனக்கு ஏறி வரும்போதே தெரியும். அவர் வாயால் கேட்டதும் மனம் லேசாகிவிட்டது. இனி யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை.

கொடுவாளை இடுப்பிலிருந்து எடுத்துப் பாறை மேல் வைத்தேன். அதற்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். அம்மா கட்டிக்கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தேன்.

அவருக்குப் புரிய நேரம் ஆனது. புரிந்ததும் அவருடைய முகம் சுருங்கியது. “உங்கொப்பன் இருந்திருந்தா எடுத்து விட்டிருப்பான்” என்றார்.

“ஆமாங்க. அவரு இல்லீங்களே.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தடியைக் கீழே போட்டுவிட்டு மரத்தண்டை போய்க் குனிந்து கல்லைப் பிடுங்க ஆரம்பித்தார். நான் செருகிய சின்னக் கற்கள் முதலில் வந்தன. பெரிய கல் அசையவில்லை. நகத்தால் மண்ணைப் பறித்தார். விரலில் ரத்தம் வந்தது. பாறை மேல் கொடுவாள் கையெட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. தன் வாழ்நாளில் ஒரு கல்லைப் புரட்டியிராத ஆளுக்கு எதை எதால் நெம்புவது என்று தோன்றாது. வெகுநேரத்துக்குப் பிறகு ஒரு சந்து விட்டது. விரல் பருமனில் தண்ணீர் கிழக்கே கசிந்து பாறையில் இறங்கியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் சின்னப் பையனுக்கு இருக்கிற மாதிரி ஒரு சந்தோசம்.

“வருதுடா” என்றார்.

“வருதுங்க” என்றேன். அது அடுத்த பாறைக்குழியைக்கூடத் தாண்டாது.

இருட்டுவதற்குள் இறங்க வேண்டும். சாரலில் பாறையெல்லாம் வழுக்கியது. அவருக்குத் தடி மட்டும் போதவில்லை. கையைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டார். சரிவான இடங்களில் முன்னால் இறங்கி நின்று தோளைக் கொடுத்தேன். ஓர் இடத்தில் அவர் சறுக்க, இடுப்போடு அணைத்துப் பிடித்தேன். எவ்வளவு ஜாக்கிரதையாக அவரைக் கொண்டுவந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் திருப்தியாக இருக்கிறது. அந்த மனுசன் அங்கே விழுந்து செத்திருந்தால் காய்ந்த தென்னைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார யார் இருந்திருப்பார்கள்? அவர் நூறு வயது இருக்க வேண்டும்.

வாட்சர் குடிசைக்கு வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே என் கையை விடாமல், “அடுத்த வருசமும் ஒருக்கா வந்து பாரு கண்ணு. ஆளோட ஆளா எடுத்து விட்டுப்போடலாம்” என்றார்.

“வாரேனுங்க” என்றேன்.

சொன்ன வார்த்தையை நான் தவறவில்லை. எந்த மாநிலத்தில் வண்டி நின்றாலும் ஆடிக்கு முன்னால் லீவு சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். அவர் இப்போது ஏறுவதில்லை, ஏற்றிவிட வேறு ஆளும் அவருக்குக் கிடையாது; அடிவாரம் வரை காரில் வந்து எனக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறார். மேலே போய், மரம் உளுத்துப்போகாமல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அவர் பறித்த சந்தில் சின்னக் கற்களை வைத்து அடைக்கிறேன். கையைக் கழுவிக்கொண்டு அந்தச் சோற்றைத் தின்கிறேன். அவர் வீட்டுச் சோறு நன்றாகத்தான் இருக்கிறது.